வெளிநாடு போய்வந்த பிறகு கோடையில் எழுத உட்காருவது எப்படி?

ஏப்ரல், மே மாதங்களில் வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களில் எழுதும் ஆசை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். விமானத்தில் வரும்போதே தலைப்பெல்லாம் தோன்றிவிடும். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, அழுக்குத் துணியைத் துவைத்து, வாங்கிவந்த சாக்லேட்டை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து முடிப்பதற்குள் வெயில் பிடித்துக்கொள்ளும். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். பிள்ளைகளுக்கு விடுமுறை, ஊரிலிருந்து உறவினர் வருகை, நடுவில் இரண்டு கல்யாணம். ஜூன் மாதம் உட்கார்ந்தால் கையில் ஐந்நூறு படங்கள் இருக்கும், எழுத ஒரு வரி வராது.

வெயிலைக் குறை சொல்வது எளிது. ஆனால் எழுத்து நின்றுபோவதற்கு வெயிலைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு. எழுதத் தேவையான சின்னச் சின்ன விவரங்கள் முதல் பத்து நாளிலேயே நினைவிலிருந்து போய்விடுகின்றன. அதற்குப் பிறகு உட்காருகிறவர், போன இடம் முழுவதையும் ஒரே கட்டுரையில் அடக்கப் பார்க்கிறார். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் உற்சாகம் தானாக வரும். அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

கீழே வரும் படிகளுக்கு எடுத்துக்காட்டாக மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு நான்கைந்து நாள் போய்வந்த ஒருவரை வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவோ அமெரிக்காவோ போனவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதல் மூன்று நாள்: படத்தைப் பார்க்காமல் பேசிப் பதியுங்கள்

திரும்பி வந்தவுடன் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. எழுத நினைப்பவர் அதை மூன்று நாள் தள்ளிப்போட வேண்டும். கேமராவுக்கு எதிரில் இருந்தது மட்டும்தான் படத்தில் இருக்கும். ஒரு படத்தை நாலு முறை பார்த்துவிட்டால், அந்த இடம் பற்றிய நினைவும் அந்தப் படத்தின் சட்டத்துக்குள் சுருங்கிவிடும். தேநீரின் விலை, பேருந்துக்குக் காத்திருந்த நேரம், பக்கத்து மேசைப் பேச்சு, விடுதி அறையின் வாசனை எல்லாம் படத்துக்கு வெளியே இருப்பவை. முதலில் மறப்பதும் அவைதான். கோபுரமும் கடற்கரையும் எங்கும் போய்விடாது.

போனிலுள்ள குரல் பதிவுச் செயலியைத் திறந்து, பயணத்தின் ஒரு நாளை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து இரவுவரை வரிசையாகச் சொல்லுங்கள். ஒரு நாளுக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். அழகாகச் சொல்ல முயல வேண்டாம். 'அப்புறம் ஒரு சந்து, இடது பக்கம் சாவி செய்கிற கடை, அங்கே ஒரு பூனை' என்ற பாணியே சரி. கேள்விகள் கையில் இருந்தால் பேச்சு தடைப்படாது:

- எங்கெல்லாம் காத்திருந்தோம், எவ்வளவு நேரம்?
- எதற்கு எவ்வளவு காசு கொடுத்தோம்?
- எதைத் தவறாகப் புரிந்துகொண்டோம்?
- யார் எந்த மொழியில் பேசினார்கள்? நம்மிடம் எந்த மொழிக்கு மாறினார்கள்?
- என்ன மணம், என்ன சத்தம்?
- எதைப் பார்க்க நினைத்துப் பார்க்காமல் வந்தோம்?

மூன்றாவது கேள்வியைத் தவிர்க்காதீர்கள். தவறாகப் புரிந்துகொண்ட இடத்தில் பெரும்பாலும் ஒரு கட்டுரை இருக்கும்.

கோடையில் ஒரு தொல்லை: மின்விசிறி. முழு வேகத்தில் ஓடும் விசிறிக்குக் கீழே பதிவுசெய்தால் காற்று இரைச்சல்தான் பின்னால் கேட்கும். விசிறியை இரண்டாம் எண்ணுக்குக் குறைத்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், காற்று நேராகப் படாத பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழ்க் குரல் தட்டச்சும் உண்டு. பேசப் பேச எழுத்தாகிவிடும். ஆனால் வெளிநாட்டு ஊர்ப்பெயர்களை அது கண்டபடி எழுதும், சில நாள் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னோம் என்றே தெரியாது. அதனால் குரல் பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இந்த மூன்று நாளில் முகநூலில் பயணத்தை விரிவாக எழுத வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான ஆலோசனை. ஓரிரு படம் மட்டும் போடலாம். முழுக் கதையையும் அங்கே கொட்டி, ஐம்பது விருப்பக்குறியும் வாங்கிவிட்டால், மறுபடி அதே விஷயத்துக்காக உட்கார மனம் ஒப்பாது.

காகிதங்களை வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள்

கைப்பை, சட்டைப்பை, பாஸ்போர்ட் உறை எல்லாவற்றையும் கவிழ்த்து பில், பேருந்துச் சீட்டு, நுழைவுச் சீட்டு, போர்டிங் பாஸ், விடுதி அட்டை ஆகியவற்றை ஓரிடத்தில் சேருங்கள். கடை பில்களில் பெரும்பாலானவை வெப்பத்தால் அச்சாகும் தாள்கள். அதில் மை கிடையாது. தாளின் மேல்பூச்சு சூட்டில் கறுத்துத்தான் எழுத்தாகிறது. அதனால் வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தால் தாளே கறுத்துப்போகலாம். வெளிச்சம் பட்டாலும், எண்ணெய்க் கை பட்டாலும், சிலவகை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் எழுத்து வெளுத்துவிடும். வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டு, அசல்களைக் காகித உறையில் போட்டு அலமாரிக்குள் வையுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் இடம், தேதி, அங்கே நடந்த ஒரு விஷயம். பேனாவால் அழுத்தி எழுதினால் மறுபக்க எழுத்து கெடும்.

விலையை அந்த நாட்டுப் பணத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்கு வேண்டுமென்றால் அட்டைக் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி கூடுதலாகப் பிடித்ததும் அதில் சேர்ந்திருக்கலாம். கட்டுரையில் 'எட்டு ரிங்கிட்' என்று எழுதி, மாதமும் ஆண்டும் ஓரிடத்தில் வந்துவிட்டால் போதும். எல்லா விலைக்கும் அடைப்புக்குறியில் ரூபாய் போட்டுக்கொண்டே போனால் படிப்பவருக்குக் கணக்குப்பிள்ளை ஏடு படிப்பதுபோல இருக்கும்.

படங்கள்: ஐந்நூறிலிருந்து பன்னிரண்டு

இது மதிய வேலை. ஒரு மணி முதல் நாலு மணிவரை, சாப்பிட்ட கனத்திலும் வெக்கையிலும் யாருக்கும் நல்ல வாக்கியம் வராது. எழுத உட்கார்ந்து தோற்பதைவிட, யோசனை தேவையில்லாத வேலைகளை அந்த நேரத்துக்கு ஒதுக்குவது நல்லது.

முதல் சுற்றில் ஒரே காட்சியின் நகல்கள், ஆடிய படங்கள், நாம் சிரித்துக்கொண்டு நிற்பவை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். அழிக்க வேண்டாம், வேறு தொகுப்புக்கு நகர்த்தினால் போதும். நாற்பது ஐம்பதுக்கு வந்ததும் இரண்டாம் சுற்று. இதில் அழகைப் பார்க்காதீர்கள். பெயர்ப்பலகை, உணவுப்பட்டியல், தகவல் பலகை, பேருந்து எண், சுவரொட்டி, கோயில் கல்வெட்டு எல்லாம் கண்ணுக்குச் சாதாரணமாக இருக்கும். எழுதும்போது அவைதான் கைகொடுக்கும். சூரிய அஸ்தமனத்தை வைத்து இரண்டு வரிக்கு மேல் ஓட்ட முடியாது. உணவுப்பட்டியல் ஒன்று இருந்தால் ஒரு பத்தி எழுதலாம்.

நேரத்தைச் சரிபாருங்கள். போன் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறியிருக்கும். தனிக் கேமரா கொண்டுபோனவர்கள் அதை மாற்றியிருக்க மாட்டார்கள். அது இந்திய நேரத்திலேயே ஓடியிருக்கும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மாலை நடை வந்துவிடும். உடன் வந்தவர்களின் படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொன்னால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துதான் வந்துசேரும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

காணொளிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றின் பயன் படத்தில் அல்ல, ஒலியில். போனைக் கவிழ்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முப்பது நொடி கேளுங்கள். படகுத்துறைப் பலகையில் நடக்கும் காலடி, சட்டியில் கரண்டி தட்டும் சத்தம், பின்னால் யாரோ ஹொக்கியன் என்ற சீன மொழியில் கூப்பிடுவது என்று, அங்கே நின்றபோது காதில் விழாதவையெல்லாம் இப்போது கேட்கும். கேட்டவுடன் ஐந்து வரி எழுதிவிடுங்கள். எழுத வராத நாளில் இதைவிட விரைவாக வேலை செய்யும் மருந்து வேறில்லை.

எந்த நேரத்தில் உட்காருவது?

இதற்கு 'அதிகாலை' என்று எல்லோரும் சொல்வார்கள். அது எந்தத் திசையிலிருந்து திரும்பினீர்கள் என்பதைப் பொறுத்தது. உடம்பின் கடிகாரம் ஏறக்குறைய நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் சரியாகும்.

மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான் போன்ற கிழக்கு நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இது வரம். பினாங்கில் ஆறரைக்கு எழுந்து பழகிய உடம்பு இங்கே நாலு மணிக்கே விழித்துவிடும். ஜப்பானிலிருந்து வந்தால் மூன்று மணிக்கு. புரண்டு படுத்துத் தூங்க முயலாமல் எழுந்து உட்காருங்கள். கோடையில் நாலிலிருந்து ஆறரைவரைதான் வீடு அமைதியாகவும் ஓரளவு குளுமையாகவும் இருக்கும் நேரம். இரவு ஒன்பதரைக்குப் படுத்துவிட்டால் உடம்பு சரியான பிறகும் இந்தப் பழக்கத்தைத் தக்கவைக்கலாம். ஐபிஎல் பார்க்கிற வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரும். முதல் இன்னிங்ஸோடு எழுந்துகொள்வதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு நேர்மாறு. கோடைக்காலக் கணக்கில் லண்டன் நாலரை மணி நேரம் பின்னால், பாரிஸ் மூன்றரை. காலையில் கண் திறக்காது, நள்ளிரவில் தூக்கம் வராது. முதல் நாலைந்து நாள் விடியற்காலையோடு சண்டை போடாமல், இரவு பத்திலிருந்து பதினொன்றரைவரை எழுதுங்கள். காலை எழுந்ததும் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நடந்தால் கடிகாரம் மெல்ல முன்னால் நகரும். நியூயார்க் பக்கமிருந்து வந்தவர்களுக்கு ஒன்பதரை மணி நேர வித்தியாசம், பகலும் இரவும் தலைகீழ். அவர்கள் முதல் வாரம் குறிப்பு எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தூக்கம் கெட்ட நிலையில் எழுதியதைப் படித்துவிட்டு 'நமக்கு எழுத்து வராது' என்று முடிவுகட்டியவர்கள் நிறைய.

இடம் பற்றிச் சில சொற்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் காற்றுத்துளை அடைபட்டுச் சூடாகி வேகம் குறையும். பலகை அல்லது பெரிய தட்டின்மேல் வையுங்கள். ஐபோனுக்கு அதன் நிறுவனம் சொல்லும் சூழல் வெப்பம் 35 டிகிரிவரைதான். மே மாத மொட்டைமாடி அறை அதைத் தாண்டிவிடும். மின்வெட்டு உள்ள ஊரில் வைஃபை பெட்டியை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றுங்கள். கையால் எழுதுகிறவர்கள் மைப்பேனாவைக் கோடைக்கு ஒதுக்கிவிட்டுப் பந்துமுனைப் பேனாவுக்கு மாறலாம். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்தால் வியர்வையில் தாள் ஊறாது. வீட்டில் இடமே இல்லையென்றால் குளிரூட்டப்பட்ட நூலகம்: சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகமும் மடிக்கணினியும் எந்தப் பகுதிக்குள் கொண்டுபோகலாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எழுதுவது: ஒரு மணி நேரம், ஓரிடம், ஒரு கேள்வி

'பினாங்கில் நான்கு நாட்கள்' என்று தலைப்பு வைத்தால் விமான நிலையத்தில் ஆரம்பித்து விமான நிலையத்தில் முடியும். நடுவில் இருபது இடங்கள் வந்துபோகும், ஒன்றும் நிற்காது. எழுதுகிறவரும் இரண்டாம் நாளைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுவார்.

பொருளைச் சுருக்க ஒரு வழி: நடந்த நேரம் ஒரு மணிக்குள், இடம் ஒன்று, உங்களுக்கே விடை முழுசாகத் தெரியாத கேள்வி ஒன்று. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் குயின் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிடம் நடந்தால் கப்பித்தான் கெலிங் மசூதி வரும். அதே சாலையில் சீனர்களின் கருணைத் தாய் கோயில், அதைத் தாண்டி செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கோயில் 1833, மசூதி 1801, தேவாலயம் 1818. ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கியது 1786 என்பதால், அரை நூற்றாண்டுக்குள் இவ்வளவும் எழுந்துவிட்டன. இந்த நடை முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். கேள்வி: இவற்றைக் கட்டியவர்கள் அந்த ஊருக்கு எதற்காக வந்தார்கள், அவர்களில் யாருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறார்கள்? இப்படிக் கேள்வி கிடைத்துவிட்டால் தகவல் தேடவும் ஆசை வரும்.

இன்னொன்று: நாசி கண்டார் கடை வரிசை. சோற்றின்மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றித் தரும் சாப்பாடு. தோளில் காவடிக் கம்பு சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்தது. 'ருசியாக இருந்தது' என்று எழுத வேண்டாம். வரிசையில் நின்ற அரை மணி நேரத்தில் முன்னால் நின்றவர்கள் என்ன கேட்டு வாங்கினார்கள், பரிமாறுகிறவர் கை எந்த வரிசையில் சட்டிகளுக்குப் போனது, விலையை எப்படிக் கணக்கிட்டார் என்பதை எழுதுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால் விடுமுறைக்கு வந்திருக்கும் உறவினர்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு 'எப்படி இருந்தது பயணம்?' என்று கேட்பார்கள். மூன்று பேருக்கு மூன்று சம்பவங்களைச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் சித்தி 'அப்புறம்?' என்கிறார், மாமா எங்கே போனை எடுத்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். யாராவது எதிர்க்கேள்வி கேட்ட சம்பவம்தான் முதல் கட்டுரை.

எட்டு அமர்வில் எண்ணூறு சொல்

முதல் கட்டுரைக்கு எண்ணூறு சொல் இலக்கு. ஏ4 தாளில் ஏறக்குறைய மூன்று பக்கம். ஓர் அமர்வு இருபத்தைந்து நிமிடம். அதற்குமேல் உட்கார ஆசை வந்தாலும் முதல் மூன்று நாள் எழுந்துவிடுங்கள். முதல் நாளே இரண்டு மணி நேரம் எழுதித் தீர்த்தவர்கள் மூன்றாம் நாள் வருவதில்லை.

முதல் அமர்வில் வாக்கியமே வேண்டாம். தேர்ந்தெடுத்த அந்த ஒரு மணி நேரத்தில் இருந்த பொருள்களின் பெயர்களை மட்டும் முப்பதுவரை எழுதுங்கள்: நீல நிற பிளாஸ்டிக் முக்காலி, சாம்பிராணி, ஈரத் தரை, அறுபது வயதுக்காரர், கால்குலேட்டர். பதினைந்துக்குமேல் வரவில்லை என்றால் அந்தச் சம்பவம் இன்னும் கையில் இல்லை என்று அர்த்தம். குரல் பதிவுக்குத் திரும்புங்கள், அல்லது வேறு சம்பவத்தை எடுங்கள்.

இரண்டாம் அமர்வில் நடுக்காட்சி, இருநூறு சொல். ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. உங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் ஐந்து நிமிடத்தை எழுதுங்கள். மூன்றாவதில் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள், நூற்றைம்பது. நான்காவதில் வரலாறு, தகவல், இருநூறு. ஐந்தாவதில் அங்கே பேசிய மனிதர், நூற்றைம்பது. ஆறாவதில் கிளம்பிய நேரம், நூறு. ஏழாவதில் ஒட்டுவேலை. எட்டாவதில் உரக்கப் படிப்பது. நாளுக்கு ஓர் அமர்வு என்றால் இடையில் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்வந்தாலும் பத்து நாளில் முடிந்துவிடும்.

ஒவ்வோர் அமர்வையும் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்துங்கள், வாக்கியம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. அடியில் ஒரு வரியில் 'நாளை: அவர் ஊர் எது என்று கேட்டது' என்று குறித்துவிட்டால் மறுநாள் வெற்றுத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

கணினியில் தமிழ் தட்டத் தெரியாதவர்கள் அதைக் கற்றுக்கொண்டு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகையும் ஒலிப்பு முறையும் உண்டு. தமிழ்99 கைக்குப் பழகச் சில வாரமாகும். முதல் கட்டுரையை எது வருமோ அதில் எழுதுங்கள், போனிலானாலும் சரி.

வரிகள் எங்கே சாகின்றன?

புதிதாக எழுதுகிறவர்களின் பயணக் கட்டுரைகளில் சில சொற்றொடர்கள் தவறாமல் வரும்: 'கண்கொள்ளாக் காட்சி', 'சொல்லில் அடங்காது', 'மெய்மறந்து நின்றோம்', 'இயற்கை எழில் கொஞ்சும்'. இவற்றைப் பார்த்ததும் அழித்துவிடாதீர்கள், அடிக்கோடிடுங்கள். விவரம் விடுபட்ட இடத்தைத்தான் அந்தக் கோடு காட்டுகிறது.

மாற்றுவதற்கு ஒரு மாதிரி. முதல் வரைவு: 'ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் மிகவும் அழகாக இருந்தன. பழமை மாறாமல் பாதுகாத்து வருகிறார்கள்.' திருத்தியது: 'பகல் பன்னிரண்டு. சூலியா தெருவில் வெயிலில் ஒருவரும் இல்லை; நடமாட்டமெல்லாம் கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையில். ஒரு கடைக்காரர் அதில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார். அந்த இடத்தில் மட்டும் எல்லோரும் வெயிலுக்கு இறங்கி மறுபடி நிழலுக்கு ஏறினார்கள்.' அழகு என்ற சொல் போய்விட்டது. தெரு எப்படிக் கட்டப்பட்டது, ஏன் அப்படி, இன்று எப்படிப் பயன்படுகிறது என்ற மூன்றும் வந்துவிட்டன.

'அங்கே எவ்வளவு சுத்தம், நம் ஊரில்...' என்று தொடங்கும் பத்தி இன்னொரு குழி. எழுதும்போது ஆவேசமாக வரும். படிப்பவருக்கு அது பயணம் பற்றிய செய்தியாக இல்லாமல் நம் ஊர் பற்றிய பழைய புலம்பலாகத்தான் தெரியும். சுத்தத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால், குப்பை வண்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் தள்ளிக்கொண்டு வந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இணையத்தில் படித்த வரலாற்றை ஆறு பத்தி இறக்குவதும் பொதுவான தவறு. உங்கள் கேள்விக்குப் பதிலாகும் ஆண்டும் பெயரும் மட்டும் போதும். ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது என்பது ஒரு வரி. அதற்குமேல் தேவைப்பட்டால் அது வேறு கட்டுரை.

ஒன்றுமே ஓடாத நாளில்

பயணம் முடிந்ததும் ஒரு மந்தம் வரும். அதன்மேல் வெக்கையும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாள் எதுவும் பிடிக்காது. அந்த நாளில் கட்டுரையைத் தொடாமல், பத்து நிமிடத்தில் முடியும் வேலை ஒன்றைச் செய்யுங்கள். ஒரு பில்லை எடுத்து அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் யார் தின்றார்கள் என்று எழுதுங்கள். அல்லது ஒரு படத்தின் ஓரத்தில், நீங்கள் கவனிக்காமல் பதிவாகிவிட்ட ஆளைப் பற்றி நாலு வரி. அங்கே சாப்பிட்ட ஒன்றை வீட்டில் சமைத்துப் பார்க்கலாம். எங்கே சுவை மாறுகிறது என்று தேடும்போது அந்தக் கடையின் அடுப்பே நினைவுக்கு வரும். அல்லது பயணத்துக்கு வராத ஒருவருக்குக் கடிதமாக ஒரு பக்கம். 'அன்புள்ள பெரியப்பாவுக்கு' என்று தொடங்கினாலே மேடைத்தமிழ் விலகிவிடும். பிறகு முதல் வரியை வெட்டிவிடலாம்.

மாலை ஐந்தரைக்குமேல் போனை வீட்டில் வைத்துவிட்டு அரை மணி நேரம் நடப்பதும் உதவும். தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்தால் தலைவலி வரும். அதை எழுத்துச் சலிப்பு என்று நினைத்துக்கொள்வோம். மேசையில் ஒரு சொம்பு மோர் இருக்கட்டும், தாள்களிலிருந்து தள்ளி.

சரிபார்த்தல்

வெளிநாட்டுப் பெயர்களை அந்த ஊர்த் தமிழர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படி எழுதுவது நல்லது. மலேசியாவுக்கு அங்குள்ள தமிழ் நாளிதழ்கள், சிங்கப்பூருக்கு 1935 முதல் வரும் தமிழ் முரசு, இலங்கைக்கு வீரகேசரி ஆகியவற்றைப் பாருங்கள். நாமாக ஆங்கில எழுத்தைக் கூட்டி எழுதினால் அங்குள்ள வாசகர் முதல் பத்தியிலேயே முகம் சுளிப்பார். பழைய செய்தி தேடுகிறவர்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளம் பெரிய புதையல். தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதில் உள்ளன. மலாயாச் செய்திகளும் நிறையக் கிடைக்கும். தமிழ்ப் பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

ஆண்டுகளை இரண்டு இடத்திலாவது பாருங்கள். தகவல் பலகையின் படம் உங்களிடம் இருந்தால் அது ஒன்று. வழிகாட்டி வாய்மொழியாகச் சொன்னதை 'என்று சொன்னார்கள்' என்றே எழுதுங்கள். மேற்கோள் குறிக்குள் வருவது குறித்துவைத்த பேச்சாக மட்டும் இருக்கட்டும். கடைக்காரரின் முழுப்பெயர், குழந்தைகளின் முகம், வீட்டு எண் ஆகியவை அனுமதி இல்லாமல் வேண்டாம்.

கடைசியாகக் கோப்பை நாலைந்து நாள் திறக்காமல் வைத்துவிட்டு, பிறகு காலை வேளையில் உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். விடுபட்ட ஒற்றுகளை இந்தச் சுற்றில் சரிசெய்யலாம்.

அனுப்புவது

இதழ்களுக்கு யூனிகோட் எழுத்துருவில், வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். படங்களைக் கோப்புக்குள் ஒட்டாமல் தனியாக, சுருக்காத அளவில், நாலு அல்லது ஐந்து இணையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடம், மாதம், எடுத்தவர் பெயர் கொண்ட ஒரு வரிக் குறிப்பு வேண்டும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். பதில் வரக் காத்திருக்கும் நாள்களில், முப்பது பொருள் பட்டியலில் இந்தக் கட்டுரைக்குப் பயன்படாமல் போனவற்றை வட்டமிட்டு, பில்கள் இருக்கும் அதே காகித உறைக்குள் போட்டு, உறையின் மேல் ஊர், மாதம், ஆண்டு எழுதி வையுங்கள். பெரும்பாலான பயணங்களில் இரண்டாவது கட்டுரைக்கான பொருள் அந்த உறையிலேயே இருக்கும்.